ரத்தமும் பாலும் ஒன்றா?

1

காரைக்காலில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஒரு வருஷமாக நடமாடுகிறது. நான் என் மனைவியைத் தலாக் சொல்லிவிட்டேனாம். பிறகு மனசு மாறி மறுபடியும் நிக்காஹ் செய்துகொண்டேனாம். போன வாரம் இங்கே பிரான்சில், மார்செய் துறைமுகத்தில், கப்பல் வேலையாக வந்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். ஸலாம் சொன்னார், உடம்பை விசாரித்தார், அரசலாற்றில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. லாத்தாவ எதுக்காக விட்டீங்க?" என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

"நான் ஆரையும் விடலைங்க" என்றேன்.

"அப்ப அந்தத் தந்தி?"

துறைமுகத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன், தெருவில் எல்லாரும் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. சலிப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் எழுதாவிட்டால் இந்தப் பேச்சு அடங்காது.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

சைகோனில் சித்தப்பாவின் ஜவுளிக் கடைக்குப் போனவன் நான். வியாபாரம் என் தலையில் ஏறவில்லை. அங்கே ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம் ஒன்றில் சீசா கழுவச் சேர்ந்தேன். கழுவக் கழுவக் கைவேலை படிந்தது. சண்டை முடிந்து பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டியபோது, அங்கிருந்த டாக்டர் இங்கே பேராசிரியராக வந்தார். வரும்போது என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்படி இந்த மார்செய்க்கு வந்து சேர்ந்தேன்.

முயலுக்கும் எலிக்கும் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. ரத்தம் முழுவதையும் வடித்து அளக்க நினைத்தால் முயல் செத்துப்போகும். அப்போதும் நரம்புக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது வராது. அதனால் வேறு வழி. ஊரில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவோமே, அதே கணக்குத்தான். அண்டாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் போட்ட நீலம் எவ்வளவு என்று தெரியும். கலக்கிவிட்டு ஒரு கரண்டி மொண்டு பார்த்தால், நீலம் வெளுத்திருக்கிற அளவை வைத்துத் தண்ணீரைச் சொல்லிவிடலாம். முயலின் ஒரு காது நரம்பில் அளந்த நீலச்சாயத்தை ஏற்றுவேன். அது உடம்பு பூராவும் சுற்றி வரும்வரை காத்திருந்து, மற்றக் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பேன். அதை எந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிநீரின் நீலத்தை ஒரு கருவியில் வைத்துப் பார்ப்போம். அடியில் தங்கிய சிவப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மொத்த ரத்தம் வந்துவிடும்.

கேட்பதற்குச் சுலபம். ஊசி கொஞ்சம் நடுங்கி, சாயத்தில் ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டால் போச்சு, முயலிடம் இல்லாத ரத்தமெல்லாம் கணக்கில் வந்து நிற்கும். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "இதென்ன முயலா, கன்றுக்குட்டியா?" என்பார். மறுபடியும் முதலிலிருந்து. காலையில் கூண்டு, மத்தியானம் ஊசி, சாயங்காலம் கணக்கு, மறுநாள் திரும்பவும் கூண்டு. வீட்டுக்கு வரும்போது வாயைத் திறக்கவே தெம்பு இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முயலிடமிருந்து கொஞ்சம் அதிகமாக ரத்தம் எடுத்துவிட்டு மறுநாள் அளந்தால், அளவு பழையபடியே இருக்கும். உடம்பு எங்கிருந்தோ தண்ணீரை உறிஞ்சி நிரப்பிக்கொள்கிறது. ஆனால் சிவப்பு அவ்வளவு சீக்கிரம் வராது. முயல் ஓடும், கீரை தின்னும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் நீர்த்துப்போயிருக்கும்.

எங்களிடம் கூண்டில் இன்னொரு பிராணியும் உண்டு. தமிழில் கினிப்பன்றி. பிரெஞ்சுக்காரன் அதற்கு 'இந்தியப் பன்றி' என்று பெயர் வைத்திருக்கிறான். அதற்கு இந்தியாவும் தெரியாது, அது பன்றியும் கிடையாது. பெருச்சாளிக்குத் தம்பி மாதிரி ஒரு சாதுவான ஜந்து. ஆனால் அந்தப் பெயரை என் மகள் வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் வேலைச் சட்டையை, பன்றி பட்ட துணிக்கு மார்க்கத்தில் சொல்லியிருக்கிறபடி, என் மனைவி தனியாக எடுத்து, ஏழு தண்ணீரில் அலசி, அதில் ஒரு தண்ணீரில் மண் கரைத்துத்தான் துவைக்கிறாள். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவாள்? பக்கத்து வீட்டம்மாவின் பூந்தொட்டியில் கைவைத்தாள். அதற்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

3

என் மனைவி ஜெய்னம்பு. ஊரில் உங்களுக்கெல்லாம் தெரிந்தவள்தான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்யாணமானதும் நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அதே வீடு, அதே உம்மா, அதே சாச்சி, அதே அக்காமார். நான் சைகோனுக்குப் போவதும் வருவதுமாக இருந்த காலத்தில் அவளுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அந்த வீட்டில் ஒருத்திக்குத் தலைவலி என்றால் நாலு பேர் கஷாயத்தோடு நிற்பார்கள். காலையில் அடுப்பு மூட்டும்போது ஆரம்பிக்கிற பேச்சு படுக்கும்வரை ஓயாது. எனக்குத் தூக்கம் வராமல் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மார்செய்க்கு வந்த பிறகு அவளையும் மகளையும் வரவழைத்துக்கொண்டேன். இங்கே அவளுக்கு யார்? மகள் சபியா பள்ளிக்கூடம் போகிறாள். வயது பதினாறு. நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். உம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்தே சொல்வாள். கடைக்குப் போனால் ஜெய்னம்பு விரலால் காட்டி வாங்குவாள். ரொட்டிக் கடைக்காரி எல்லாருக்கும் சொல்வதுபோல் இவளுக்கும் 'நன்றி, மேடம்' சொல்வாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. சாயங்காலம் நான் வருவேன். தின்பேன், படுப்பேன்.

முன்பெல்லாம் நாம் பிரான்சைச் சேர்ந்தவர்கள், வாஞ்சூர் சுங்கச் சாவடியைத் தாண்டினால்தான் இந்தியா. இப்போது சாவடியும் போய்விட்டது, ஊர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. நாங்கள் இங்கே இருக்கிறோம். எங்களை என்ன ஆளாகக் கணக்கெடுப்பது என்று இங்குள்ள ஆபீசர்களுக்கே தெரியவில்லை.

4

போன வருஷம் மீன் சந்தையிலிருந்து வரும்போது ஜெய்னம்பு மாடிப்படியில் விழுந்துவிட்டாள். சபியாதான் பார்த்தாள். ஆய்வுக்கூடத்துக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க, தமிழிலேயே சொன்னாள்: "வாப்பா, உம்மா மயங்கிட்டாங்க, கண்ணு கீழ் இமைக்குள்ள வெளுத்துப்போயிருக்கு."

ஆஸ்பத்திரியில் எழுதுகிற இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குடும்பப் பெயர் என்ன என்றாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும் என்றாள். பிறந்த இடம் காரைக்கால் என்றேன். அது பிரான்சா இந்தியாவா என்றாள். ஜெய்னம்பு பிறந்தபோது பிரான்ஸ், இப்போது இந்தியா என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். என் பெண்சாதி சக்கரக் கட்டிலில் கிடக்கிறாள், இவர்கள் இரண்டு பேரும் காரைக்காலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏதோ எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னார்: கர்ப்பப்பையில் கட்டி. பல மாதங்களாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன். ஆனால் இந்த ரத்தத்தோடு கத்தி வைக்க முடியாது, அதற்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மேசையிலேயே போய்விடுவாள்.

பல மாதங்களாக என்றால், அவள் சமைத்திருக்கிறாள், என் சட்டையை ஏழு தண்ணீரில் அலசியிருக்கிறாள், படியேறி இறங்கியிருக்கிறாள். அவள் பக்கத்தில் போய், "ஏன் புள்ள சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ற மாதிரி ஒண்ணுமில்லைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5

என் ரத்தம் எல்லாருக்கும் ஏற்றக்கூடிய வகை. சைகோனிலேயே பார்த்து வைத்திருந்தார்கள். டாக்டரும் சந்தோஷப்பட்டார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நான் தயாராக நின்றேன். அப்போது ஜெய்னம்பு எழுந்து உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லாதவள், அந்த நேரத்தில் எப்படி எழுந்தாளோ தெரியவில்லை.

"ஒங்க ரத்தம் வேணாங்க."

"ஏன்?"

"ஒங்க ரத்தம் எனக்குள்ள வந்துட்டா, நீங்க எனக்கு அண்ணன் தம்பி மொறை ஆயிடுவீங்க. அப்புறம் நிக்காஹ் என்னத்துக்கு ஆவும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்றால், அவள் லாத்தாவின், அதாவது மூத்த அக்காவின், கதை எனக்குத் தெரியும். லாத்தாவுக்கும் மாமன் மகனுக்கும் பேசி முடித்து, பந்தல்கால் ஊன்றிய பிறகு, ஒரு கிழவி வந்து நின்றாள். உம்மாவுக்குப் பால் வற்றியிருந்த சமயத்தில், மாமிதான் லாத்தாவுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள் என்று சொன்னாள். நம் மார்க்கத்தில் ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறப்பு, ஒருவரையொருவர் மணக்க முடியாது. கல்யாணம் நின்றுபோனது. சமைத்த பிரியாணியை நெடுங்காட்டிலிருந்து வந்திருந்த வண்டிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். லாத்தா அதற்குப் பிறகு ரொம்ப நாள் வெளியே வரவில்லை. சின்னப் பெண்ணாக ஜெய்னம்பு அதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தவள்.

"அது பாலு, இது ரத்தம்" என்றேன்.

"பாலே ரத்தத்துலேருந்துதானே ஊறுது? நீங்கதானே அதெல்லாம் படிச்ச ஆளுங்க கூட இருக்கீங்க, இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இத்தனை முயலை அளந்தவன், அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறு வழி தேடினேன்.

"சரி, வேற ஆரோட ரத்தமாவது ஏத்துவாங்க. சீசாவுல வச்சிருக்காங்க."

"சாராயம் குடிச்ச ரத்தமோ, பன்னி தின்ன ரத்தமோ. வேணாங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரிடம் என்னவென்று மொழிபெயர்ப்பேன்? நோயாளி யோசிக்கிறாள் என்று சொன்னேன்.

6

எங்கள் பேட்டையில் அல்ஜீரியா ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். காப்பிக் கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தொழுகை நடத்துவார். அவர் நாட்டில் பிரான்சை எதிர்த்துச் சண்டை நடப்பதால் போலீஸ் அடிக்கடி வந்து அவர் கடையைக் குடைந்துவிட்டுப் போகும். அவர் கோப்பைகளை மறுபடி அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இருப்பார். அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் பிரெஞ்சில் சொன்னார்: "பாலால் உறவு வருவது குழந்தை இரண்டு வயதுக்குள் குடித்தால்தான். உங்கள் மனைவிக்கு என்ன வயது?"

"நாற்பது தாண்டிவிட்டது."

"அப்புறம் என்ன? போய் ரத்தத்தைக் கொடுங்கள்."

ஓடி வந்து ஜெய்னம்புவிடம் சொன்னேன். அவள் ஹாஜியாரின் சட்டப் பிரிவைக் கேட்டாள்: "அவரு என்ன மத்ஹபு?"

"மாலிக்கியாம்."

"நம்ம ஷாபி. அவரு சட்டம் நமக்கு எப்புடிங்க சரியாவும்?"

அல்லாவே. வாழ்க்கையில் அன்று போல் நான் களைத்ததே இல்லை. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளே மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, வியாழக்கெழம ஆபரேசன்ல மவுத்தாயிட்டா, நான் ஒங்களுக்கு ஆரு? பொண்டாட்டியா, கூடப்பொறந்தவளா? அந்தச் சந்தேகத்தோட என்னைய அனுப்பாதீங்க. ரத்தத்த ஏத்துங்க. ஏத்துன பொறவு, ஆபரேசனுக்கு முன்னாடி, நமக்கு மறுபடியும் நிக்காஹ் ஓதிருங்க. உண்மையிலேயே கூடப்பொறந்தவளா ஆயிருந்தா அது செல்லாதுன்னு எனக்குந் தெரியும். ஹாஜியார் சொன்னது சரியா இருந்தா பழைய நிக்காஹே நிக்கும், புதுசு மேல ஒண்ணு. நான் பொண்டாட்டியாத்தான் போறேன்னு எனக்கு மனசுக்கு இருக்கணும்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்ததோ இல்லையோ, உயிர் இருந்தது. நான் சம்மதித்தேன்.

அடுத்த சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. நம் ஷாபி முறையில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்க அவள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வேண்டும். மாமனார் மவுத்தாகிப் பல வருஷம். அவள் அண்ணன், என் மச்சான் காசிம், காரைக்காலில். அவர் சம்மதம் கொடுத்தால் ஹாஜியார் அவருக்குப் பதிலாக நின்று ஓதுவார். ஆகவே தந்தி. தபாலாபீசில் நான் அவசரத்தில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது இதுதான்: 'உங்கள் தங்கையை எனக்கு மறுபடி மணமுடிக்கச் சம்மதம் உடனே அனுப்பவும்.' தந்தி வாங்கிய பெண் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை என் ரத்தத்தை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். சீசாவிலிருந்து குழாய் வழியாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டில் நிறம் வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். நான் புருஷனா, உடன்பிறந்தவனா என்று அவளுக்கே தெரியாத ஒரு நிலை. நர்ஸ் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். நான் தள்ளி நின்றேன்.

அன்று மாலையே மச்சானின் பதில் வந்தது. முன்பென்றால் பிரெஞ்சில் வரும், இப்போது இங்கிலீஷில். 'தலாக் எப்போது சொன்னீர். என் தங்கை செய்த குற்றம் என்ன.' அவ்வளவுதான். சம்மதம் இல்லை. பிறகு கேள்விப்பட்டேன், தந்தி வந்ததும் அவர்கள் வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்களாம். அம்பகரத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

சபியா அந்தத் தந்தியை வாங்கிப் பார்த்தாள். இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தவள்தான். "நான் எழுதுறேன் வாப்பா. நீங்க எழுதுனா மறுபடியும் இப்புடித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்குப் போனாள். 'தலாக் இல்லை. உம்மாவுக்கு வியாழன் ஆபரேஷன். மனசு நிம்மதிக்காக நிக்காஹ் ஓதக் கேட்கிறார்கள். உங்களுக்குப் பதிலாக இங்கே ஒரு ஹாஜியார் நிற்பார். மாமா, சரி என்று சொல்லுங்கள்.'

7

புதன்கிழமை மாலை பார்வை நேரம் முடியப் போகிறது. ஹாஜியார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ரொம்ப நேரமாகக் காத்திருந்தார். சாட்சிக்கு அவர் கடைக்கு வருகிற இரண்டு பேர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் கம்பளி பின்னுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். ஜெய்னம்பு கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். தந்தி வராவிட்டால் அவள் மேசைக்குப் போகமாட்டாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சபியா ஓடி வந்தாள். கையில் தந்தி. அதில் மச்சான், 'சம்மதம். ஹாஜியார் என் இடத்தில் நிற்கட்டும். இறைவனிடம் துஆ கேட்கிறோம்' என்று அடித்திருந்தார்.

ஹாஜியார் ஓத ஆரம்பித்தார். மகர் என்ன என்று கேட்கிற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மகர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது, அது அவளுக்கு மட்டுமே உரியது. முதல் நிக்காஹில் பெரியவர்கள் நகையாகப் பேசி முடித்தார்கள். அவள் உள்ளறையில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒனக்கு மகரா என்ன வேணும்னு கேக்குறாரு" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நானா சொல்றது?"

"நீதான்."

"என்ன கேட்டாலும் குடுப்பீங்களா?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஊருக்குக் கூட்டிப் போ என்று கேட்பாள் என்று நினைத்தேன். இங்கே வேலை, பென்ஷன், சபியாவின் படிப்பு எல்லாம் மனசில் ஓடியது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? குடுக்கிறேன் என்றேன்.

அவள் ஹாஜியாரைப் பார்த்துச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள்.

"சாயங்காலம் வேலையிலேருந்து வந்தா, இன்னக்கி ஒடம்பு எப்புடி இருக்கு, என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த என்கிட்டக் கேக்கணும். தெனமும் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

ஹாஜியார் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். சபியாதான் மொழிபெயர்த்தாள். பாதியில் நிறுத்தி, உம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி தொடர்ந்தாள். அடுத்த கட்டில் கிழவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஹாஜியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, மகர் பொருளாக இருக்க வேண்டும் என்ற சட்டத்துக்காகத் தன் சட்டைப் பையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையை என் கையில் கொடுத்து, இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். பிறகு மூன்று தரம் சொல்லச் சொன்னார். ஏற்றுக்கொண்டேன் என்று மூன்று தரமும் சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். கட்டியை எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்து அவள் கண் திறக்கச் சாயங்காலமாகிவிட்டது. நான் குனிந்து, "ஜெய்னம்பு, இன்னக்கி ஒடம்பு எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"வலிக்குதுங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.